யார் பொருட்டு?

சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் வெயில் தாழும் நேரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து காது கொடுத்தால் ‘முக்கியம்’ என்ற சொல் நாலைந்து தடவையாவது வந்து விழும். பெரும்பாலும் முக்கியமில்லை என்று சொல்வதற்காகத்தான் விழும். கைக்குழந்தையும் இரண்டு பைகளுமாகத் தடுமாறும் பெண், கைப்பேசியில் கிரிக்கெட் பார்க்கும் கணவனிடம் “இப்போ அது ஒண்ணுதான் முக்கியம்” என்பாள். புதுச் செருப்பை எங்கே, என்ன விலைக்கு வாங்கினேன் என்று தோழி சொல்லத் தொடங்கிய கதையை “ரொம்ப முக்கியம்!” என்று ஒரு கல்லூரிப் பெண் பாதியில் வெட்டுவாள். எதிர்மறைச் சொல் ஒன்றுகூட இல்லை. குரலை ஓர் இழுப்பு இழுத்ததிலேயே சொல் கவிழ்ந்துவிடுகிறது.

இந்தக் கேலிக்குக் காரணம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். நம் ஆட்கள் இந்தச் சொல்லை மேடையிலிருந்தும் காகிதத்திலிருந்தும்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். முக்கிய அறிவிப்பு, முக்கியச் செய்திகள், முக்கியப் பிரமுகர், ஊர் முக்கியஸ்தர்கள் முன்னிலையில். குழாய் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுப் புளித்த சொல்லை வீட்டுக்கு எடுத்துவந்து வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

நிஜமாகவே ஒன்றை முக்கியம் என்று சொல்ல வேண்டி வரும்போது வாக்கியத்தின் அமைப்பே மாறிவிடும். “எனக்கு எம் பொண்ணு படிப்புதான் முக்கியம்.” “கரும்புக்கு இந்த மாசம் தண்ணிதான் முக்கியம்.” “அவனுக்குக் காசு முக்கியம், நமக்கு மானம் முக்கியம்.” எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ‘கு’ நிற்பதைப் பாருங்கள். எனக்கு, கரும்புக்கு, அவனுக்கு, நமக்கு. யாருக்கு என்று சொல்லாமல் ஒன்றை முக்கியம் என்று சொல்லப் பேச்சுத் தமிழ் கூசுகிறது. அந்தக் ‘கு’வை உதிர்த்துவிட்டு நிமிர்ந்து நடப்பது எழுத்துத் தமிழ், அதிலும் குறிப்பாக அதிகாரத்தின் தமிழ். முக்கியச் சாலை: யாருக்கு? முக்கியக் கோப்பு: யாருக்கு? முக்கிய விருந்தினர் என்று வரும்போது அப்படிக் கேட்பதே மரியாதைக் குறைவாகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் இதை நான்காம் வேற்றுமை என்று படித்திருப்போம். அந்த ‘கு’ என்னென்ன பொருளில் வரும் என்று நன்னூல் அடுக்கிக்கொண்டு போகிறது. கொடை, பகை, தகுதி, முறை என்று போகும் அந்த அடுக்கில் ‘பொருட்டு’ என்றும் ஒன்று உண்டு. கூலிக்கு வேலை என்றால் கூலியின் பொருட்டு வேலை. இதே பொருட்டைத்தான் நாம் மதிப்பைச் சொல்லவும் வைத்திருக்கிறோம். “என்னை ஒரு பொருட்டாவே நினைக்கலை” என்று சம்பந்தி வீட்டு விசேஷத்திலிருந்து திரும்பியவர் புலம்புகிறாரே, அந்தப் பொருட்டு. ஒருவர் பொருட்டானவர் என்றால் அவருக்காக இன்னொருவர் எதையோ செய்கிறார்: எழுந்து நிற்கிறார், இலை போடுகிறார், பந்தியை நிறுத்திவைத்துக் காத்திருக்கிறார். ‘முக்கியம்’ என்ற வடசொல்லின் வேரில் இருப்பது முகம். பிரமுகரிலும் அதே முகம். தலைமை, தலையாய என்று தமிழுக்குத் திரும்பினால் அங்கே தலை. முகமும் தலையும் தனியாக நின்று தோற்றம் காட்ட முடியும். பொருட்டுக்கு மட்டும் எதிரில் ஓர் ஆள் வேண்டும். (பெயரிலேயே தலையை வைத்திருந்த தலையாரி வருவாய்த் துறையின் கடைசிப் படியில் நின்றார் என்பது தனிக்கதை.)

இன்னொரு சொல்லும் நம்மிடம் இருக்கிறது: வேண்டியவர். “அவர் நமக்கு ரொம்ப வேண்டியவர்.” இதை நமக்கு என்பது இல்லாமல் சொல்லிப் பாருங்கள், வாக்கியம் நொண்டும். முக்கியமானவர் ஊருக்கெல்லாம் பொது. வேண்டியவர் நம்மோடு உறவு உள்ளவர், நம் வீட்டுச் சாவுக்கு வந்து கடைசிவரை நிற்பவர். இந்தச் சொல்லை நான் புனிதமாக்கவில்லை. “வேண்டியவங்களுக்குப் பார்த்துப் பட்டா கொடுத்துட்டாங்க” என்று சொல்லும்போது அதே சொல் ஊழலின் பெயராகவும் ஆகிவிடுகிறது. ஆனால் அந்த ஊழலில்கூட யார் யாருக்கு என்ன செய்தார் என்பது வெளியே தெரிகிறது. முக்கியத்துவத்தில் அது தெரிவதில்லை.

எப்படித் தெரியாமல் போகிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால் கடைவீதி அச்சகங்களில் ஒன்றில் போய் உட்கார வேண்டும். கல்யாணப் பத்திரிகையின் மெய்ப்புப் பார்க்க வந்தவர்கள் மணமக்களின் பெயரை ஒரு கணம் பார்த்துவிட்டு நேரே கீழே இறங்கிவிடுவார்கள். அங்கேதான் சண்டை. பெரியப்பா பெயருக்குப் பின்னால் சித்தப்பா பெயர் வருவது சரி. ஆனால் சித்தப்பா ஒன்றியத்தில் பொறுப்பில் இருக்கிறார், பெரியப்பா வெறும் விவசாயி. கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் தலைமை ஒருவர், முன்னிலை ஏழெட்டுப் பேர், வாழ்த்துரை இருபது பேர். தலைமையில் இடம் கிடைக்காதவர்களைச் சமாதானப்படுத்த முன்னிலை, அங்கும் நெரிசலானால் ‘சிறப்பு அழைப்பாளர்’. இலக்கணத்தில் முன்னிலை என்பது நாம் யாரைப் பார்த்துப் பேசுகிறோமோ அவரைக் குறிக்கும். பத்திரிகையின் முன்னிலையில் இருப்பவரைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். “பொண்ணு பேர்ல எழுத்துப்பிழை வந்தாக்கூட ஸ்டிக்கர் ஒட்டிச் சரிபண்ணிக்கலாம் சார். தாய்மாமன் பேரு வரிசை மாறுச்சுன்னா கல்யாணத்துக்கே வரமாட்டாரு” என்றார் அச்சகக்காரர், தட்டச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் சொன்னதில் ஒரு வேறுபாடு ஒளிந்திருக்கிறது. தாய்மாமனுக்கு அந்த வரிசை கிடைப்பது அவர் செய்ய வேண்டிய காரியத்தால். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும், சீர் கொண்டுவர வேண்டும், அக்கா மகளுக்கு ஒன்று என்றால் முதலில் ஓட வேண்டும். அவருடைய முக்கியம் ஒரு கடன். முன்னிலையில் இருக்கும் எட்டுப் பேருக்கு அப்படி எந்தக் கடனும் கிடையாது. வந்து சால்வை வாங்கிக்கொண்டு போகலாம், வராமலும் இருக்கலாம். ஃபிளெக்ஸ் பேனர் வந்த பிறகு இது இன்னும் பச்சையாகிவிட்டது. மேலே பெரிய முகம், நடுவில் நடுத்தர முகங்கள், கீழே தபால்தலை அளவில் வரிசையாக இருபது முகங்கள். கீழே இருப்பவர்கள் காசு போட்டவர்கள். முக்கியத்தின் வேர்ச்சொல் முகம் என்பதற்கு அகராதியைத் தேட வேண்டியதில்லை.

இந்த வரிசைகள் நிலையானவை என்று யாரும் நம்பிவிட வேண்டாம். பரம்பரை பரம்பரையாகக் கணக்கும் மணியமும் பார்த்துக் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்கிய குடும்பங்கள் வடதமிழ்நாட்டு ஊர்தோறும் இருந்தன. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகளை ஒழித்தது. தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சிட்டாவும் அடங்கலும் கை மாறின. அழைப்பிதழ்களில் பெயருக்கு முன்னால் ‘மணியம்’ என்று போட்டுக்கொள்வது மட்டும் பல ஆண்டுகள் நிற்கவில்லை.

பெயர் பொறிப்பதில் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. திருக்கோவிலூர் வட்டத்தில் ஜம்பை என்று ஓர் ஊர். பக்கத்தில் ஆளுருட்டி மலை என்கிற சிறு குன்றில் தாசிமடம் என்று ஊர்க்காரர்கள் அழைக்கும் ஒரு குகைத்தளம். அங்கே தமிழ் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி வெட்டப்பட்டிருப்பதை 1981-இல் கண்டுபிடித்தார்கள். அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி அது என்பது செய்தி. அஞ்சியின் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் இருந்தது. அந்தப் பட்டம்தான் வரலாற்றறிஞர்களைத் துள்ளிக் குதிக்க வைத்தது. அசோகரின் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு ‘சத்தியபுத்திரர்’ என்று அதே பட்டத்தோடு ஒருவரும் வருகிறார். அவர் யார் என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. ஒருவர் மராட்டியத்தைக் காட்டினார், ஒருவர் துளுநாட்டைக் காட்டினார். ஜம்பையின் ஒற்றை வரி அது தகடூர் அதியமான் மரபு என்று வழக்கை ஏறக்குறைய முடித்துவைத்தது. சங்கப் பாடல்களில் வரும் ஒரு மன்னனுக்குக் கல்லிலேயே சான்று கிடைத்தது. தமிழகத்தின் மிக முக்கியமான கல்வெட்டுகளில் ஒன்று என்று எழுதாதவர்கள் இல்லை.

நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. கொடுத்தவர் யார் என்று இருக்கிறது. கொடுத்த பொருள் என்ன என்றும் இருக்கிறது. யாருக்குக் கொடுத்தார் என்பது இல்லை. பள்ளி என்ற சொல்லை வைத்துச் சமணத் துறவிகளுக்காக இருக்கும் என்று நாம் நிரப்பிக்கொள்கிறோம். மழைக்காலத்தில் அந்தப் பாறைக்கடியில் படுத்தவர்கள், பக்கத்து ஊரில் பிச்சை எடுத்து உண்டவர்கள், அவர்களில் ஒருவர் பெயரும் கல்லில் ஏறவில்லை. எந்த ‘கு’வின் பொருட்டு அந்தக் கொடை நடந்ததோ அந்தக் ‘கு’ விட்டுப்போயிருக்கிறது. எல்லாக் குகைக் கல்வெட்டுகளும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெற்றவரின் பெயரைச் சொல்பவையும் இருக்கின்றன. ஜம்பைக்கு வாய்த்தது இது.

இன்றைய அரசு கல்லில் வெட்டுவதில்லை, கோப்பில் எழுதுகிறது. ஒரு காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் அரசு அலுவலகங்களில் துல்லியமான ஓர் அளவுகோல் உண்டு. டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் அறியப்படும் அலுவலக நடைமுறை, சென்னை மாகாணத்தில் தொடங்கி இன்றும் நடப்பில் இருக்கிறது. வருகிற தபாலுக்கு ஓர் எண், எழுத்தரிடம் தன்பதிவேடு, முடிந்த கோப்புக்கு ஒரு முடிவு. அந்த முடிவுக்குத்தான் சுருக்கெழுத்துகள்: ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருந்துவிட்டு அழிக்கலாம். மூ.மு. மூன்றாண்டு. ப.மு. பத்தாண்டு. நி.மு. நிலையாக வைத்திருக்க வேண்டியது. உங்களுக்கு வந்த அரசுக் கடிதத்தின் தலைப்பில் எண்ணுக்கு முன்னால் இந்த எழுத்துகளில் ஒன்று இருந்தால், உங்கள் விவகாரம் எத்தனை ஆண்டு முக்கியம் என்று முடிவாகிவிட்டது என்று பொருள். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடையாது. காலத்தால் அளக்கிறார்கள், அதை வெளிப்படையாக எழுதியும் வைக்கிறார்கள். யாருக்கு முக்கியம் என்பது மட்டும் இதிலும் இல்லை. நில ஒப்படைப்புக் கோப்பு நிலைத்திருக்கிறது, பேருந்து கேட்ட மனு ஓராண்டில் எடைக்குப் போகிறது. பேருந்து கேட்டவர்களோ அடுத்த ஆண்டும் அதே நிறுத்தத்தில் நிற்கிறார்கள்.

மனு கொடுக்கப் போகும் தூரமே ஒரு காலத்தில் பெரிய கதையாக இருந்தது. தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தவரை சங்கராபுரத்துக்காரர் ஆட்சியரைப் பார்க்கக் கடற்கரையோரம் கடலூர் வரைக்கும் போக வேண்டும். 1993-இல் மாவட்டம் பிரிந்தபோது ஆட்சியர் விழுப்புரத்துக்கு வந்தார். 2019 நவம்பர் 26-ஆம் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குப் பிறகு விடியலில் கிளம்ப வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம். இது சின்ன விஷயமில்லை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்கும் கிழவிகளைப் பார்த்தால் தெரியும். அவர்களில் பலர் கடலூரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அங்கே மனு எழுதிக் கொடுப்பவரின் மேசைப் பக்கம் நின்று படித்துப் பார்த்ததுண்டு. ‘மிகவும் தாழ்மையுடன்’, ‘ஏழை எளிய குடும்பம்’, ‘ஐயா அவர்கள் சமூகம் மனமிரங்கி’. முக்கியம் என்ற சொல் ஒரு மனுவிலும் கண்ணில் படவில்லை. தன் காரியத்தை முக்கியம் என்று எழுதிக்கொள்ளும் உரிமை மனுதாரருக்கு இல்லை என்று மனு எழுதுபவருக்கும் தெரிந்திருக்கிறது, வரிசையில் நிற்கும் கிழவிக்கும் தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் சமவெளியின் கதை. சங்கராபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஜவ்வாது, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகியவற்றுக்குக் கூடப்பிறந்தது. ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. வெள்ளிமலை, சேராப்பட்டு, கரியாலூர் எல்லாம் நம் பக்கம். மலைக்காரர்களும் நாங்களும் ஒரே சட்டமன்றத் தொகுதி, சங்கராபுரம். அங்கே வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்று வந்த பெயர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த முன்னோர்கள் என்று அவர்களே கதை சொல்வார்கள்.

இந்த மலை மூன்று ஜாகிர்களாக இருந்தது: சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன். கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்பது வழிவழிப் பேச்சு. வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், ஜாகிர் இருந்தது. வெள்ளைக்காரர்கள் போனார்கள், அப்போதும் இருந்தது. கீழே மூன்று பொதுத்தேர்தல், நான்கு பொதுத்தேர்தல் நடந்து, காங்கிரஸ் போய்த் தி.மு.க. வந்து, தி.மு.க. உடைந்து அ.தி.மு.க. பிறந்த பிறகும் மலையில் ஜாகிர்தார்களுக்கு வரி கட்டி, அழைத்தபோதெல்லாம் கூலியில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மலை முழுதாக அரசின் கைக்கு வந்தது 1976-இல். நெருக்கடிநிலைக் காலம். தேசமே உரிமைகளை இழந்து நின்ற ஆண்டில் இந்த மலைக்குச் சில உரிமைகள் வந்து சேர்ந்தன. வரலாற்றுக்கு இப்படி ஒரு வக்கிரமான நகைச்சுவை உண்டு. 1947-ஐ இந்திய வரலாற்றின் மிக முக்கியமான ஆண்டு என்று பாடப்புத்தகம் சொல்லும்போது சேராப்பட்டுப் பள்ளியில் ஒரு குழந்தை “எங்களுக்கா சார்?” என்று கேட்டால், ஆசிரியர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதே 1976-இல் திருத்தப்பட்ட பழங்குடிகள் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் சில மாவட்டங்களின் பெயர்கள் இருக்கின்றன: தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி. இந்த மாவட்டங்களில் வாழும் மலையாளி பழங்குடி. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையிலும் மலையாளிகள் இருக்கிறார்கள். அதே பெயர், அதே காடு. ஆனால் அந்தப் பகுதி அப்போது கோயம்புத்தூர் மாவட்டம், கோயம்புத்தூர் பட்டியலில் இல்லை. எனவே அவர்கள் பழங்குடி இல்லை. பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் மலைக்காரர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது தென்னார்க்காடு என்ற ஒற்றைச் சொல்லால். அந்த மாவட்டம் 1993-இல் பிரிந்தது, பிறகு பெயரளவிலும் இல்லாமல் போயிற்று. கடிதத்தில் அப்படி ஒரு முகவரி எழுதினால் தபால்காரர் சிரிப்பார். சாதிச் சான்று கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும் ஒரு மலைப் பையனுக்கு மட்டும் தென்னார்க்காடு இன்னும் உயிரோடு இருக்கிறது. அவனுக்கு அதைவிட முக்கியமான மாவட்டம் வேறில்லை.

சுற்றுலாக் கையேடுகள் கல்வராயனில் மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் காட்டும். வேளாண் கையேடுகள் மரவள்ளியை முக்கியப் பயிர் என்று சொல்லும். அந்தக் கிழங்கு சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. விலையை முடிவு செய்வது மலைக்குக் கீழே. நீர்வள அறிக்கைகள் கோமுகி ஆற்றைச் சொல்லும். கச்சிராயபாளையம் பக்கத்துக் கோமுகி அணை 46 அடி. நிறைகிற தறுவாயில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் படம் வரும். மலையில் பெய்த மழை கீழே கரும்புக்கும் நெல்லுக்கும் பாய்கிறது. அருவியும் கிழங்கும் ஆறும் முக்கியம் என்று எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் விட்டுப்போன ‘கு’வைத் திரும்பச் சேர்த்துப் படித்தால் அங்கே மலைக்காரர் வருவதில்லை என்பதுதான் விஷயம்.

மலைக்காரருக்கு என்ன முக்கியம் என்று கேட்டால் நீண்ட பட்டியல் ஒன்றும் வராது. ரோடு, பஸ்ஸு, டாக்டர், காட்டு இலாகா தொந்தரவு இல்லாமல் பட்டா. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கம்பில் கட்டிய டோலியில் தூக்கிக்கொண்டு இறங்கும் செய்தி ஆண்டுக்கொரு முறை இந்த மலையிலிருந்தோ பக்கத்து மலையிலிருந்தோ வந்துகொண்டேதான் இருக்கிறது. சாலை போட வேண்டுமானால் அது காப்புக்காடு. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். காடு முக்கியம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்தக் காட்டைத் தலைமுறைகளாகத் தின்றும் காத்தும் இருந்தவர்களைக் கடைசியாகக் கேட்பதில்தான் கருத்து இருக்கிறது.

2024 ஜூனில் கல்வராயன் மலை திடீரென்று இந்தியா முழுக்க முக்கியமாயிற்று. ஜூன் 18 இரவு முதல் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்தவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளும் புதுச்சேரி ஜிப்மரும் நிரம்பின. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் கூலிவேலை செய்தவர்கள். கட்சித் தலைவர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன, இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தத் தெருவுக்குக் குடிநீர் வரவில்லை என்று மனு கொடுத்திருந்தால் அது எந்தச் சுருக்கெழுத்தோடு முடிந்திருக்கும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். கொன்றது மெத்தனால், ஆலைகளுக்குப் போகிற வேதிப்பொருள். ஆனால் கள்ளக்குறிச்சி, சாராயம் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தவுடனே விரல்கள் மலையை நோக்கி நீண்டன. மலையில் காய்ச்சுவது இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் போட்ட ஊறலைப் பேரல் பேரலாகக் காவல்துறை கொட்டி அழிக்கும் படங்களை ஆண்டு முழுக்கப் பார்க்கிறோம். மெத்தனால் அங்கே காய்ச்சப்படுவதில்லை என்பதைச் சொல்லும் இடம் மட்டும் செய்திகளில் அப்போது சிறியதாக இருந்தது.

இதில் ஒரு நன்மையும் நடந்தது. மலைவாசிகளின் நிலைமை பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு. ஜாகிர் காலத்து வரலாறு முதல் சாலை, மருத்துவமனை, ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை வரை நீதிமன்றத்தில் பேசப்பட்டன. முதலமைச்சரோ அமைச்சர்களோ நேரில் மலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது, கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. பெரிய முகம் ஒன்று மலையேறினால்தான் மலை கண்ணில் படும் என்று நீதிமன்றத்துக்கும் தெரிந்திருக்கிறது. ஃபிளெக்ஸ் பேனரின் தர்க்கம்தான் அது. ஆனாலும் ஆதாரும் ரேஷன் அட்டையும் இல்லாதவருக்கு, வருகிற முகம் எந்த அளவில் அச்சானது என்பது பற்றிக் கவலை இருக்க வேண்டிய அவசியமில்லை. வந்தால் சரி.

கடைசியாகச் சேராப்பட்டுப் பக்கத்துப் பையன் ஒருவனைப் பற்றி. சங்கராபுரத்தில் அறை எடுத்துத் தங்கிக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். ஊரில் சாயங்காலம் பள்ளி விடுகிற நேரத்துக்கும் கடைசிப் பேருந்துக்கும் பொருந்தவில்லை, எட்டாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளை அனுப்பப் பயப்படுகிறார்கள் என்று நாலு வரியில் ஒரு மனு எழுதியிருந்தான். மனு எழுதுபவரிடம் போகவில்லை, தானே எழுதினான். ‘தாழ்மையுடன்’ இல்லை. ‘எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு இது முக்கியம்’ என்று இரண்டாம் வரியிலேயே இருந்தது. பல மாதம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்ற ஒற்றை வாக்கியம். என்னிடம் கொண்டுவந்து காட்டினான். நான் வாக்கியத்தைப் படித்து உச்சுக்கொட்டினேன். அவன் அதைப் படிக்கவே இல்லை, நேரே மேலே எண்ணைப் பார்த்திருக்கிறான்.

“மூ.மு. போட்டிருக்காங்க சார். ஓ.மு. இல்ல. மூணு வருஷம் வச்சிருப்பாங்க, அதுக்குள்ள நான் பாஸ் பண்ணி அந்த செக்‌ஷனுக்கே போயிடுவேன்” என்றான்.